செம்பனை ஓடும் தேயிலைச் சக்கையும் தண்ணீரிலுள்ள கன உலோகத்தைப் பிடிக்குமா? ஊரார் கேட்ட கேள்விகளும் பதில்களும்

எங்கள் ஊரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் பெரியவர்களுக்குப் புரியும். பெயர்ப்பலகையில் இப்போது பெஸ்தாரி ஜெயா. சுற்றிலும் செம்பனை, நடுநடுவே பழைய ஈய லம்பக் (ஈயச் சுரங்கக்) குட்டைகள், ஓரமாகச் சிலாங்கூர் ஆறு. மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை போட்ட தோட்டமும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. வருடம் 1917, தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனைக்குப் பேர்போன தோட்டத்துக்குத் தென்னமரம் என்று பெயர் வைத்திருப்பதை நினைத்து இன்னும் சிரிப்பவர்கள் உண்டு.

நான் இடைநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கூட உதவியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். சில மாதங்களுக்கு முன் ஒரு காணொளி எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது. செம்பனை ஓட்டைக் கரியாக்கித் தண்ணீரில் போட்டால் எந்த விஷ உலோகமும் போய்விடும் என்று அதில் ஒருவர் அடித்துச் சொன்னார். அதற்குப் பிறகு ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் கேள்வி, கோயில் அன்னதான வரிசையில் நின்றாலும் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

கன உலோகம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

காரீயம், காட்மியம், பாதரசம், குரோமியம், நிக்கல், செம்பு, துத்தநாகம் போன்றவை. ஆர்சனிக் சுத்தமான உலோகம் இல்லை என்றாலும் செய்கிற கேட்டால் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நம் பாட்டிமார் வெள்ளைப் பாஷாணம் என்று பயந்து சொன்னது அதன் ஒரு வடிவம்தான்.

செம்பும் துத்தநாகமும் உடம்புக்குக் கொஞ்சம் வேண்டும். காரீயம், காட்மியம், பாதரசம் மூன்றாலும் ஒரு பயனும் கிடையாது. சாக்கடை அழுக்கைக் கிருமிகள் தின்று தீர்த்துவிடும், உலோகத்தை எதுவும் தின்று தீர்க்காது. மண்ணிலிருந்து நெல்லுக்கும், சேற்றிலிருந்து மீனுக்கும், அங்கிருந்து நமக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்களுக்குக் காட்மியம் கலந்த அரிசியால் வந்த எலும்பு நோய்க்கு 'இத்தாய் இத்தாய்' என்று பெயர். தமிழில் சொன்னால் 'வலிக்குது வலிக்குது'.

மலேசியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் காரீயம் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆர்சனிக்குக்கும் அதே அளவு. காட்மியம் 0.003, பாதரசம் 0.001. ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு கிராம் காரீயம் கரைந்தால் அதுதான் எல்லைக்கோடு. கண்ணுக்கும் நாக்குக்கும் அது தெரியவே தெரியாது. இதை மறந்துவிடாதீர்கள், கீழே திரும்ப வரும்.

ஈய லம்பம் இருந்த ஊர் ஆச்சே, தண்ணீரில் ஈயம் இருக்காதா?

இந்தக் கேள்வியில் தமிழே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கும். லம்பத்தில் எடுத்தது வெள்ளீயம். ஈயச் சொம்பில் ரசம் வைப்பார்களே, அந்தச் சொம்பு நல்ல சொம்பாக இருந்தால் அதுவும் வெள்ளீயம். மூளையைக் கெடுப்பது, குழந்தைகளுக்கு ஆகவே ஆகாதது, காரீயம். பத்திரிகையில் "நீரில் ஈயம்" என்று போட்டால் பெரும்பாலும் காரீயத்தைத்தான் சொல்கிறார்கள். நம் ஆட்கள் உடனே லம்பத்தை நினைத்துக்கொள்கிறார்கள்.

வெள்ளீயத் தாது தண்ணீரில் கரைவதே அரிது. அதோடு கூட வரும் தாதுக்கள்தான் வில்லங்கம். வெள்ளீயம் கிடைக்கும் இடங்களில் ஆர்சனிக் கலந்த கந்தகத் தாதுவும் கிடப்பது வழக்கம். அதைத் தோண்டிக் காற்றும் மழையும் படும்படி போட்டால் ஆர்சனிக் மெல்லக் கசியும். தென் தாய்லாந்தில் ரோன் பிபூன் என்ற ஈயச் சுரங்க ஊரில் கிணற்று நீர் குடித்தவர்களின் தோல் கறுத்துத் தடித்ததற்குக் காரணம் இதுதான் என்று 1987இல் தெரியவந்தது.

அதற்காக நம் ஊர்க் குட்டை எல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. குட்டைக்குக் குட்டை மாறும். 2014 வறட்சியில் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது இந்தப் பக்கத்துப் பழைய குட்டை நீரை ஆற்றுக்குள் இறைத்ததும், கன உலோகம் இருக்குமா இருக்காதா என்று அப்போது எழுந்த சண்டையும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அளந்து பார்த்தால் ஒழிய அந்தச் சண்டை தீராது.

தோட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ரப்பர் காலத்தில் லாலாங் புல்லைக் கொல்ல சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். அது ஆர்சனிக் மருந்துதான். பாறை பாஸ்பேட் உரங்களில் காட்மியம் சிறிதளவு இருக்கும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போகாதா?

போகாது. கிருமி சாகும், உலோகம் அப்படியே இருக்கும். தண்ணீர் கொஞ்சம் ஆவியாவதால் மீதியில் அது சற்றுக் கூடிப்போகும்.

கழிவு எப்படி உலோகத்தைப் பிடிக்கும்? அதற்கு என்ன கை இருக்கிறதா?

கை மாதிரிதான். பாடப்புத்தகம் இதைப் பரப்புக் கவர்தல் என்று சொல்லும். துணி தண்ணீரை உறிஞ்சுவது வேறு, அங்கே தண்ணீர் துணிக்குள்ளேயே போய்விடுகிறது. இங்கே உலோகம் பொருளின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே மேற்பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு பிடிக்கும். நன்றாகத் தயாரித்த கரி ஒரு கிராமை எடுத்து அதன் நுண்துளைகளின் சுவரையெல்லாம் விரித்தால் 500 சதுர மீட்டருக்கு மேல், சிலசமயம் ஆயிரத்தையும் தாண்டும்.

மரத்தூள், இலை, தோல், உமி எல்லாவற்றிலும் செல்லுலோசு, லிக்னின், பெக்டின் என்று பொருட்கள் இருக்கின்றன. அவற்றின் ஓரங்களில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் என்ற சிறு தொகுதிகள் தொங்கும். அவை தண்ணீரில் ஹைட்ரஜனை விட்டுவிட்டு எதிர்மின்னூட்டம் பெற்று நிற்கும். கரைந்த காரீயமும் செம்பும் நேர்மின்னூட்ட அயனிகள். ஒன்றை ஒன்று இழுக்கும். ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்த கால்சியம், பொட்டாசியம் போன்ற சாதுவான அயனிகள் எழுந்து இடம் கொடுக்க, காரீயம் உட்கார்ந்துவிடும். இதை அயனிப் பரிமாற்றம் என்பார்கள். கழிவுகள் உலோகத்தைப் பிடிப்பதில் பாதிக் கதை இதுதான்.

எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்கிறார்களே?

தலைகீழ். பால் வெட்டியவர்களுக்கு இதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். ரப்பர் பாலில் உள்ள துகள்கள் எதிர்மின்னூட்டத்தோடு ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. பார்மிக் ஆசிட் ஊற்றினால் ஆசிட்டிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தை அடைத்துவிடும், துகள்கள் ஒட்டிப் பால் கட்டியாகும். தேயிலைச் சக்கையிலும் மரத்தூளிலும் அதே ஹைட்ரஜன் அயனிகள்தான் போய் இடத்தைப் பிடிக்கின்றன. காரீயம் வந்து பார்த்தால் உட்கார இடம் இருக்காது.

அதனால் காரீயம், செம்பு, காட்மியம் மூன்றுக்கும் பொதுவாகப் பிஎச் (தண்ணீரின் புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5, 6 வாக்கில் பிடிப்பு நன்றாக இருக்கும், 2க்கு இறக்கினால் அநேகமாக நின்றுவிடும். ரொம்ப ஏற்றினால் வேறு சிக்கல். உலோகம் ஹைட்ராக்சைடாகத் திரிந்து அடியில் தங்கும். பார்ப்பவர் கழிவுதான் பிடித்தது என்று நினைத்துக்கொள்வார். காணொளிகளில் பாதி இப்படித்தான், சாம்பலைப் போட்டுக் காரத்தை ஏற்றிவிட்டு "பாருங்கள், தெளிந்துவிட்டது" என்பார்கள்.

நம் பக்கத்தில் எந்தெந்தக் கழிவு இதற்கு ஆகும்?

இதைக் கேட்டால் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

முதலில் செம்பனை. நூறு கிலோ பழக்குலை ஆலைக்குப் போனால் எண்ணெய் ஏறத்தாழ 20 கிலோ. பழம் உதிர்த்த வெறும் குலை 22 கிலோ போல, கொட்டை ஓடு 5 முதல் 7 கிலோ, அதற்குமேல் நார். ஓடு கெட்டியானது, அதிலிருந்து வரும் கரியும் உடையாமல் நிற்கும், குழாயில் அடைத்துத் தண்ணீர் விடலாம். வெறும் குலையும் நாரும் கரியாக்காமலேயே ஓரளவு பிடிக்கும். ஆனால் சீக்கிரம் அழுகிவிடும்.

ரப்பர் மரத்துக்கும் இடம் உண்டு. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ரப்பர் இலையைத் தூளாக்கிக் காரத்தில் நனைத்துச் செம்பைப் பிடிக்க வைத்து ஆய்வேட்டில் எழுதியிருக்கிறார்கள். நாம் கூட்டிக் குவித்துக் கொளுத்திய சருகு! ரப்பர் கொட்டையின் ஓட்டிலும் கரி செய்து பார்த்திருக்கிறார்கள். வெயில் காலத்தில் பட் பட் என்று வெடித்து விழும் அந்தக் கொட்டையைப் பொறுக்கி விளையாடாத தோட்டத்துப் பிள்ளை உண்டா?

தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் பக்கம் போனால் நெல் உமி. உமியை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. கோல சிலாங்கூர் மீன்பிடிப் பக்கம் இறால் ஓடும் கெராங் சிப்பியும் கிடைக்கும். இறால் ஓட்டிலுள்ள கைட்டினை அடர்ந்த காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான் வரும். அதில் அமீன் தொகுதிகள் நிறைய, செம்பையும் பாதரசத்தையும் கெட்டியாகப் பிடிக்கும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கெட்டிக்காரச் சரக்கு. ஆனால் காரம், தண்ணீர், நேரம் எல்லாம் சேர்ந்தால் மலிவு என்று சொல்ல வாய் வராது. சிப்பியும் முட்டை ஓடும் கால்சியம் கார்பனேட். அவை பிடிப்பதைவிடத் தண்ணீரின் புளிப்பைக் குறைத்து உலோகத்தைப் படிய வைப்பதே அதிகம்.

அப்புறம் தேயிலைச் சக்கை. ஒட்டுக்கடையில் நாளொன்றுக்குத் தே தாரிக் துணியிலிருந்து உதறும் சக்கை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். வாழைப்பழத் தோல், டுரியான் தோல், தேங்காய்ச் சிரட்டை, ரம்பத்தூள் எல்லாவற்றையும் யாராவது ஒரு பல்கலைக்கழகத்தில் சோதித்திருக்கிறார்கள். உங்கள் சமையலறைக் குப்பையில் இன்னும் ஆய்வேடு எழுதப்படாத பொருளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

அப்படியே போடலாமா, கரியாக்க வேண்டுமா?

அப்படியே போட்டால் தண்ணீர் காப்பி நிறமாகும். சாயமும் டானினும் இறங்கும், இரண்டு நாளில் நாறும். ஒரு மாசை எடுத்துவிட்டு வேறு மாசைச் சேர்ப்பது மாதிரி. அதனால் குறைந்தபட்சம் கொதிநீரில் சாயம் போகும் வரை பலமுறை கழுவி, உலர்த்தி, அரைத்துச் சலிக்க வேண்டும். நீர்த்த காரத்திலோ சிட்ரிக் அமிலத்திலோ பதப்படுத்தினால் பிடிக்கும் இடங்கள் கூடும். (எலுமிச்சைக் கதை இங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். சிட்ரிக் அமிலத்தோடு சூடாக்கிப் பதப்படுத்திவிட்டு நன்றாகக் கழுவிவிடுவார்கள். குடிக்கும் நீரில் பிழிவது இல்லை.)

அடுப்புக் கரி வேறு, கிளர்வூட்டிய கரி வேறு. கிளர்வூட்ட 800, 900 பாகை செல்சியசில் நீராவி விட வேண்டும், அல்லது பாஸ்பாரிக் அமிலம் போன்றதில் ஊறவைத்து அதற்குக் குறைந்த சூட்டில் சுட வேண்டும். அப்போதுதான் நுண்துளைகள் திறக்கும். பின்கட்டில் எண்ணெய் டின்னில் ஓட்டைக் கொளுத்தினால் வருவது சாத்தே சுட ஆகும்.

"90 விழுக்காடு நீக்குகிறது" என்று காணொளியில் காட்டினார்களே, அது போதாதா?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லிட்டரில் 10 மில்லிகிராம் காரீயம். ஒரு கிராம் வாழைத்தோல் தூளைப் போட்டுக் கலக்கி வடிகட்டினால் மீதி 1 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 விழுக்காடு போய்விட்டது, ஒரு கிராம் தூள் 9 மில்லிகிராம் பிடித்திருக்கிறது. கைதட்டலாம். ஆனால் மீதி இருக்கும் அந்த 1 மில்லிகிராம், குடிநீர் எல்லையான 0.01ஐப்போல நூறு மடங்கு. 99 விழுக்காடு நீக்கினால்கூடப் பத்து மடங்கு மிஞ்சும்.

அதே 99 விழுக்காடு ஆலைக் கழிவுநீருக்கு நல்ல செய்தி. 2009ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் ஒழுங்குவிதிப்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறத்தில் இருக்கும் ஆலை லிட்டருக்கு 0.10 மில்லிகிராம் காரீயம் வரை ஆற்றில் விடலாம், மற்ற இடங்களில் 0.5 வரை. 99 விழுக்காடு நீக்கும் தூள் அங்கே தேறிவிடும், உங்கள் கூஜாவில் தேறாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கிராம் இத்தனை மில்லிகிராம் பிடிக்கும் என்று ஆய்வேடுகள் போடும் பெரிய எண் பெரும்பாலும் லாங்மூர் சமன்பாட்டிலிருந்து வருகிறது. இடமெல்லாம் நிரம்பினால் எவ்வளவு என்பது அது. இடம் நிரம்ப வேண்டுமானால் தண்ணீரில் உலோகம் ஏராளமாக இருக்க வேண்டும். லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே இருக்கும் கிணற்று நீரில் அதே தூள் அந்த எண்ணின் பக்கத்தில்கூடப் போகாது. ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு உலோகத்தைக் கரைத்துச் சோதிக்கிறார்கள். கிணற்றில் கால்சியம், மெக்னீசியம், இரும்பு எல்லாம் அதே இடத்துக்குப் போட்டி போடும்.

எல்லா உலோகத்தையும் ஒரே கழிவு பிடிக்குமா?

பிடிக்காது. நம் ஊருக்கு இதுதான் முக்கியமான பதில். தண்ணீரில் ஆர்சனிக் நேர்மின்னூட்ட அயனியாக இருப்பதில்லை. ஒரு வடிவத்தில் எதிர்மின்னூட்டம், இன்னொரு வடிவத்தில் மின்னூட்டமே இல்லை. எதிர்மின்னூட்டத்தோடு நிற்கும் இலைத்தூள் அதை எப்படி இழுக்கும்? லம்பத்து நீரில் பயப்பட வேண்டியதே ஆர்சனிக் என்றால், சாதாரணக் கழிவுத்தூள் அதன்முன் கைகட்டி நிற்கும்.

ஆர்சனிக்குக்கு இரும்பு வேண்டும். துருப்பிடித்த இரும்பின் பரப்பு அதை நன்றாகப் பிடிக்கும். வங்காளதேசத்தில் அபுல் ஹுசாம் என்ற வேதியியலாளர் இரும்பு, மணல், கரி, செங்கல் துண்டு வைத்துச் செய்த சோனோ வடிகட்டி இப்படித்தான் வேலை செய்கிறது. அதற்கு 2007இல் அமெரிக்காவின் கிரேஞ்சர் பரிசு கிடைத்தது.

ஆறு இணைதிறன் குரோமியமும் எதிர்மின்னூட்டம்தான். அது நல்ல புளிப்பில், பிஎச் 2 வாக்கில், கழிவுத்தூளில் ஒட்டும். காரீயத்துக்கு நான் சொன்னதற்கு நேர் எதிர். அதே தூள், அதே தண்ணீர், ஒன்றுக்கு ஆவது மற்றதுக்கு ஆகாது.

சரி, நம் வீட்டுக்கு ஒரு டின்னில் அடைத்து வடிகட்டி செய்துகொள்ளலாமா?

வேண்டாம். எங்கள் தாமானில் ஒரு அக்கா பிவிசி குழாயில் செம்பனை ஓட்டுக் கரியை அடைத்துக் கொண்டுவந்து காட்டினார். அழகாகச் செய்திருந்தார். "தண்ணி இனிப்பா இருக்கு தம்பி" என்றார். வாடையும் சேறும் குறைந்திருக்கும், அதனால் இனித்திருக்கும். உலோகம் குறைந்ததா என்பதை நாக்கு சொல்லாது.

மழை நாளில் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய மங்கு நிரம்பி வழிவதைப் பார்த்திருக்கிறீர்களா? மரத்தடியில் ஆள் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. வடிகட்டிக் குழாயும் அப்படித்தான். இடம் காலியாக இருக்கும்வரை பிடிக்கும், நிரம்பியதும் உலோகம் சத்தமில்லாமல் மறுபக்கம் வரும். கொஞ்சம் புளிப்பான தண்ணீர் போனால் முன்பு பிடித்ததையும் சேர்த்துக் கக்கும். அன்றைக்கு வடிகட்டாத தண்ணீரைவிட வடிகட்டிய தண்ணீர் மோசமாக இருக்கும். வாரம் ஒருமுறை பரிசோதனை செய்ய முடிந்தவருக்குத்தான் அந்தக் குழாய். அவ்வளவு பணம் இருந்தால் நல்ல வடிகட்டியே வாங்கிவிடலாம்.

கடையில் விற்கும் கரி வடிகட்டி போதுமா?

குளோரின் வாடைக்குப் போதும். காரீயத்துக்கு வேண்டுமானால் என்எஸ்எஃப் 53 என்ற தரச்சான்று காரீயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறதா என்று பெட்டியில் பாருங்கள். எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்ஓ) எந்திரமென்றால் என்எஸ்எஃப் 58. சொன்ன தேதியில் உள்ளறையை மாற்றாவிட்டால் எல்லாம் மங்குக் கதைதான்.

கிணற்றுத் தண்ணீர் எடுக்கும்போது தெளிவு, வைத்தால் சிவப்பாகிறது. அது கன உலோகமா?

பெரும்பாலும் இரும்பு. நிலத்தடியில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் படிகிறது. குடிநீர் எல்லை லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். வேட்டி கறையாகும், வாய் துவர்க்கும், ஆனால் காரீயம் மாதிரி ஆபத்து இல்லை. உயரத்திலிருந்து வாளிக்கு வாளி ஊற்றிக் காற்றுப்பட விட்டு, ஓர் இரவு படியவைத்து, மணலில் வடிகட்டினால் பெரும்பகுதி போய்விடும். படியும் துரு ஆர்சனிக் இருந்தால் அதையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும் என்பதால் அந்தச் சேற்றைக் கீரைப் பாத்தியில் கொட்டாதீர்கள்.

பிள்ளைகள் அறிவியல் விழாவுக்கு இதைச் செய்யலாமா?

தாராளமாக. ஆனால் காரீயத்தையும் பாதரசத்தையும் தொடவே வேண்டாம். செப்பு சல்பேட் போதும்.

நான் முதன்முறை இதைச் செய்தபோது மானம் போனது. அலமாரியில் இருந்த 0.1 மோலார் செப்பு சல்பேட்டில் 100 மில்லிலிட்டர் எடுத்து, இரண்டு கிராம் தேயிலைச் சக்கைத் தூளைப் போட்டுக் கலக்கினேன். அரை மணி நேரம். நீலம் அசையவில்லை. பின் வரிசையில் ஒருவன் "சார், தே பத்தல, இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அந்தக் கரைசலில் ஏறத்தாழ 635 மில்லிகிராம் செம்பு. தேயிலைச் சக்கை ஒரு கிராமுக்குச் சில பத்து மில்லிகிராம்தான் பிடிக்கும். இரண்டு கிராம் என்ன செய்யும்?

அடுத்த வாரம் நீர்க்கச் செய்து லிட்டருக்கு 100 மில்லிகிராம் செம்பு உள்ள கரைசலாக்கினேன். 100 மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம். அந்த அளவில் நீல நிறமே கண்ணுக்குப் படாது, அதனால் கலக்கி வடிகட்டிய பிறகு சில சொட்டு அம்மோனியா விட வேண்டும். செம்பு மீதி இருந்தால் கருநீலம் எழும். சக்கை போடாத கரைசலையும் அதே மாதிரி வடிகட்டிப் பக்கத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் வடிதாள் பிடித்ததா சக்கை பிடித்ததா என்று நடுவர் கேட்பார். சக்கையைக் கொதிநீரில் கழுவாமல் போட்ட அணி ஒன்று இருந்தது, அவர்கள் கரைசல் கருநீலமா காப்பியா என்று கடைசிவரை முடிவாகவில்லை.

முட்டை ஓட்டுத் தூளையும் ஒரு குவளையில் போட்டுப் பாருங்கள், அடியில் பச்சை நிறமாகப் படியலாம். அது செப்புக் கார்பனேட், பரப்புக் கவர்தல் இல்லை. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு நான் பரிசு கொடுப்பேன்.

இவ்வளவு மலிவாகக் கிடைத்தால் ஆலைகள் ஏன் பயன்படுத்துவதில்லை?

மலிவு என்பதே பாதிதான் உண்மை. செம்பனை ஓடு குப்பையாகக் கிடக்கவில்லை. ஆலைக் கொதிகலனில் எரிகிறது, ஜப்பானிய மின் நிலையங்களுக்குக் கப்பலேறுகிறது, அதற்கு டன்னுக்கு விலை உண்டு. வெறும் குலையைத் தோட்டமே மரத்தடியில் பரப்பிக்கொள்கிறது. தேயிலைச் சக்கை இனாம், ஆனால் நூறு ஒட்டுக்கடையில் சேகரித்துக் காயவைக்க லோரியும் ஆளும் இனாம் இல்லை.

முலாம் பூசும் பட்டறை நடத்துபவருக்குச் சுண்ணாம்பைக் கொட்டி உலோகத்தைப் படியவைப்பது எளிது, நாளுக்கு நாள் மாறாது. நம் தூளோ இந்த மாதச் சரக்கு ஒரு மாதிரி, அடுத்த மாதச் சரக்கு வேறு மாதிரி. என் எண்ணத்தில் இதற்கு நல்ல இடம் சுண்ணாம்பு வேலை முடிந்த பிறகு மிஞ்சும் கடைசிச் சில மில்லிகிராமை எடுக்கும் தொட்டிதான். அங்கே அளக்க ஆள் இருப்பார், நிரம்பியதும் மாற்றுவார்.

பிடித்து முடித்த தூளை என்ன செய்வது? எருவாகப் போடலாமா?

போடவே கூடாது. காணொளியில் ஒருவரும் பேசாத இடம் இது. தண்ணீரில் இருந்த உலோகம் எங்கேயும் மறைந்துவிடவில்லை, தூளுக்கு இடம் மாறியிருக்கிறது, முன்னைவிட அடர்த்தியாக. கத்திரிக்காய்ச் செடிக்குப் போட்டால் சாம்பாருக்கு வரும். கொளுத்தினால் பாதரசமும் காட்மியமும் புகையோடு போகும், மீதி சாம்பலில் இன்னும் அடரும். குப்பை லோரியில் போட்டால் மழைநீரில் ஊறி வெளியே வரும்.

முறையான வழி இரண்டு. நீர்த்த அமிலத்தில் கழுவினால் ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டு உலோகத்தை வெளியேற்றும், தூளைச் சிலமுறை திரும்பப் பயன்படுத்தலாம். எலுமிச்சை செய்யும் கெடுதல் இங்கே உதவியாகிறது. ஆனால் கையில் இப்போது உலோகம் செறிந்த ஒரு வாளி அமிலம் இருக்கும், அதிலிருந்து உலோகத்தைப் பிரிக்க வேண்டும். இரண்டாவது வழி, 2005ஆம் ஆண்டின் பட்டியலிட்ட கழிவு ஒழுங்குவிதிப்படி உரிமம் பெற்ற இடத்துக்கு அனுப்புவது. அதற்குக் கிலோ கணக்கில் காசு. இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகு 'மலிவு' என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

லம்பக் குட்டையில் தூண்டில் போட்டுப் பிடித்த தீலாப்பியா சாப்பிடலாமா?

அந்தக் குட்டையின் மீனைச் சோதித்திருந்தால் பதில் உண்டு. சோதிக்காத குட்டை என்றால் நான் சாப்பிட மாட்டேன், பிள்ளைத்தாய்ச்சிக்கும் குழந்தைக்கும் கொடுக்கவே மாட்டேன். ஓட்டுக்கரியைப் போட்டுக் குட்டையைச் சுத்தம் செய்யலாமே என்று ஒரு அண்ணன் கேட்டார். எத்தனை லோரி என்று நான் திருப்பிக் கேட்டேன், அண்ணன் தூண்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீரை எங்கே சோதிப்பது?

மலேசிய வேதியியல் துறையிலும், சாம் என்ற தேசிய அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களிலும் செய்கிறார்கள். முதலில் தொலைபேசியில் கேட்டு அவர்கள் தரும் புட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். உலோகம் புட்டிச் சுவரில் ஒட்டாமல் இருக்க அதில் சிறிது அமிலம் இருக்கும், கழுவிவிடாதீர்கள். மினரல் வாட்டர் புட்டியில் பிடித்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். ஆர்சனிக், காரீயம், காட்மியம், மாங்கனீசு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "எல்லாம் பாருங்க" என்றால் பில் பெரிதாகும். கையில் பிடித்தால் எண் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. உப்பு மொத்தமாக எவ்வளவு என்றுதான் அது சொல்லும், 0.01 மில்லிகிராம் காரீயம் அதன் கண்ணில் படாது.

பள்ளியில் பயன்படுத்திய அந்தத் தேயிலைத் தூள் என்ன ஆயிற்று?

இதைக் கேட்டது ஒரு படிவம் நான்கு மாணவி. மொத்தமாக அரை கிலோகூட இருக்காது. பழைய மைலோ டின் ஒன்றில் போட்டு, "செம்பு உள்ளது, கொட்டாதீர்கள்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி, ரசாயனக் கழிவு எடுக்க வரும்போது கொடுக்கலாம் என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். நான் ஓய்வு பெற்ற அன்று புதிய உதவியாளரிடம் சாவியோடு அந்த டின்னையும் ஒப்படைத்தேன். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இன்னும் தே வாசம் வருதே சார்" என்றார்.